உப்புத் தண்ணியில் கார் கழுவலாமா? வாசகர் கேள்வி-பதில்

ஏனுங்க, வாராவாரம் போர் தண்ணியில்தான் கார் கழுவறேன். கறுப்பு வண்டி. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி நிற்குது. ஷாம்பு சரியில்லையா? (பல்லடம்)

ஷாம்பு மேல் தப்பில்லை. வெந்நீர் போடும் ஹீட்டர் காயிலில் வெள்ளையாய்ப் படியுமே, அதே சுண்ணாம்பும் உப்பும்தான் பானெட் மேலேயும் படிகின்றன. டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு) 1,500 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியானால் ஒன்றரை கிராம் உப்பு மிஞ்சும். வண்டி மேல் அரை லிட்டர் தங்கிக் காய்ந்தாலும் முக்கால் கிராம். வெள்ளை வண்டியிலும் இது படியத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

போர் தண்ணியில் தாராளமாய்க் கழுவுங்கள். வண்டி மேலேயே அதைக் காய விடக் கூடாது. வெயில் ஏறுமுன், வெள்ளெனவே, பானெட் கைக்குச் சில்லென்று இருக்கும்போது ஆரம்பியுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் 6 முதல் 8 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். குழாயில் வரும் சிறுவாணித் தண்ணியோ, அத்திக்கடவுத் தண்ணியோ, பிடித்து வைத்த மழைத் தண்ணியோ, எது கிடைத்தாலும் சரி. மக்கில் எடுத்து, கூரையிலிருந்து மெதுவாய் வழிய விடுங்கள். விசிறி அடித்தால் முத்து முத்தாய் நிற்கும். வழிய விட்டால் துணி விரித்த மாதிரி ஒரே படலமாய் இறங்கிவிடும், துடைக்க மிச்சம் குறைவு. ஆர்ஓ மிஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணியைச் சிலர் இதற்குப் பிடித்து வைக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். டயர் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நனைத்த துணியை நிழலில் ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, துடைத்து, உடனே அலசிவிடுங்கள். அதற்கும் போகாவிட்டால் உப்பு பெயிண்டின் மேல்பூச்சையே அரித்திருக்கிறது என்று அர்த்தம். பாலீஷ் போட்டால்தான் போகும். பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துவிடாதீர்கள்.

பனியன் வேஸ்ட் (பனியன் கம்பெனியில் மிஞ்சும் கழிவுத் துணி) கிலோ கணக்கில் கிடைக்கிறது. அதிலேயே துடைத்தால் என்ன? வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாய்க் கீறல் தெரிகிறது. (திருப்பூர்)

கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. பனியன் வேஸ்டில் ஓவர்லாக் தையல், எலாஸ்டிக், காய்ந்த பிரிண்ட் எல்லாம் கலந்தே வரும். பெயிண்டில் உரசினால் கோடு நிச்சயம். வெற்றுத் துணியாய்ப் பொறுக்கி எடுத்தாலும் மண்ணை மேலேயே பிடித்து வைத்து இழுக்கும். மைக்ரோஃபைபர் என்கிற மெல்லிழைத் துணியில் மண் இழைகளுக்குள் இறங்கிவிடும். கதவுக் கீல், டயர், ஆயில் கசிவு துடைக்கப் பனியன் வேஸ்டை விட்டால் வேறு துணி இல்லை. அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கீறலுக்குத் துணி பாதிக் காரணம், ஒரே பக்கெட் மீதிக் காரணம். வண்டியிலிருந்து எடுத்த மண்ணையே மறுபடி வண்டியில் தேய்க்கிறோம். இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் 10 லிட்டருக்கு 20, 30 மில்லி கார் ஷாம்பு (டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு), இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், கையில் மாட்டி வண்டியைத் தேய்க்கிற கையுறையை வெறும் தண்ணியில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்பில் முக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் டயர், அதற்குத் தனி பிரஷ், தனி பக்கெட். கடைசியில் டயருக்கு வந்தால் கழுவின உடம்பில் அழுக்கு தெறிக்கும். பிறகு வெறும் தண்ணியால் மொத்தமும் நனைத்து மண்ணை ஓட விடுங்கள். அப்புறம் கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி. கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசி. வட்டமாய்த் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். துணி கீழே விழுந்துவிட்டால் அன்றைக்கு அதற்கு லீவு.

துணி துவைக்கிற பவுடர் கரையாத குருணையோடு தேய்க்கும். பாத்திரச் சோப்பு மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். இரண்டும் வேண்டாம்.

தென்னந்தோப்பு வீடு. மயிலும் காக்காயும் வண்டியைக் கக்கூஸ் ஆக்கிவிட்டன. சுரண்டி எடுக்கலாமா? (பொள்ளாச்சி)

சுரண்ட வேண்டாம். எச்சத்தில் அமிலம் உண்டு, மணலும் விதையும் உண்டு. நனைத்த துணியை மேலே போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஊறியதும் அமுக்கித் தூக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள். வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே தடம் விழலாம், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. மயிலுக்கு இன்னொரு பழக்கம்: பளபளப்பான கதவில் தன் நிழலைப் பார்த்து எதிரி என்று கொத்தும். அதற்குக் கழுவுகிற வித்தை எதுவும் உதவாது, கவர்தான் வழி. வண்டி முழுக்கக் காய்ந்த பிறகே கவர் போடுங்கள்.

ஆடிக் காத்தில் சோப்பு போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறதே? (உடுமலை)

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நிறுத்த முடியாது, வேலையைத் துண்டு போடலாம். கூரையைக் கழுவி, அலசி, துடைத்து முடித்த பிறகு பானெட்டுக்குப் போங்கள். சுவர் மறைவில் நிறுத்துங்கள். அந்த மாதங்களில் தளர்வான கவர் படபடவென்று அடித்துக்கொண்டு, உள்ளே புகுந்த மண்ணால் பெயிண்டைத் தேய்க்கும். இறுக்கிக் கட்ட முடியாவிட்டால் கவரே வேண்டாம்.

அப்பார்ட்மென்டில் ஓஸ் போடக் கூடாது என்கிறார்கள். இரண்டு பக்கெட் தண்ணியில் முடியுமா? (கோவை)

முடியும். தோட்டத்தில் மருந்தடிக்கிற 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர் புதிதாய் ஒன்று வாங்குங்கள். களைக்கொல்லி அடித்த பழசு வேண்டாம். ஸ்ப்ரேயரில் 7, 8 லிட்டர் முன்நனைப்புக்கு, ஷாம்பு பக்கெட்டில் 8, கையுறை அலச 8, மறுபடி ஸ்ப்ரேயரில் 8 கடைசி அலசலுக்கு. 32 லிட்டருக்குள் ஹேட்ச்பேக் முடிந்துவிடும். செம்மண் அப்பிய வண்டிக்கு மட்டும் இது போதாது. மண் ஓடாமல் கை வைத்தால் கீறல்தான்.

கழுவி நிறுத்தினால் மறுநாள் பிரேக்கில் கரகரவென்று சத்தம். (ஈரோடு)

டிஸ்க் வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் செம்பழுப்பாய்த் துரு படரும். நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கழுவினதும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டி, லேசாய்ப் பிரேக் பிடித்துக் காய வைத்து நிறுத்துங்கள். ஊருக்குப் போய் நாலு நாள் நிற்கப்போகிறது என்றால் ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, டயருக்குக் கல் கொடுங்கள்.

கழுவின பிறகு முன்சீட்டுக் கார்ப்பெட் நனைந்து நாறுது. கண்ணாடியெல்லாம் மூடித்தான் இருந்தது. (கோபி)

வேப்பமரத்தடியில் நிறுத்துகிறீர்களா? முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கம் உள்ள தட்டில் இலை சேர்ந்து வடிகால் ஓட்டையை அடைத்தால், தண்ணீர் ஏசி காற்று போகிற வழியாக உள்ளே இறங்கும். இலைகளைக் கையால் அள்ளிவிட்டு ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் வடிய வேண்டும். கதவின் அடிவிளிம்பிலும் சிறு ஓட்டைகள் உண்டு. மண் அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று துருப்பிடிக்கும். குச்சியால் தட்டி விடுங்கள்.

வண்டி அடியில் டீசல் அடிக்கலாமா? (நாமக்கல்)

வேண்டாம். ரப்பர் புஷ் உப்பிக் கெடும், அடிக்கிற எண்ணெயில் தூசியும் ஒட்டும். தண்ணீரே போதும். தனுஷ்கோடி மணலில் ஓட்டி வந்திருந்தால் மட்டும் மறுநாளே அடிப்பாகத்தை நல்ல தண்ணியில் இரண்டு முறை அலசுங்கள்.