வைஃபை மெதுவா? ரூட்டரை மாற்றுமுன் இதைப் பாருங்கள்: கேள்வி பதில்

தமிழ்நாடு, கேரள எல்லையில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் வீடு வீடாக நெட் வேலை பார்ப்பவன் நான். மெதுவான வைஃபை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் (ரூட்டரிலிருந்து நேராக வரும் நெட் கம்பி) மாட்டி வேகத்தைப் பாருங்கள். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால் கோளாறு காற்றுவழியில் இருக்கிறது. கேபிளிலும் குறைந்தால் லைனையோ ரூட்டரையோ பார்க்க வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் பலர் புது ரூட்டருக்குக் காசைக் கொட்டுகிறார்கள். பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (செங்கோட்டை): அண்ணாச்சி, எங்களுடையது தாத்தா கட்டிய வீடு. ரூட்டர் முன்கட்டில் இருக்கிறது. பத்து வருஷம் ஆகிவிட்டது, ஒரே ஆன்டெனாதான். பிளான் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு). முன் அறையில் ஃபோனில் 40 வருகிறது, அடுக்களையில் 3 கூட வரவில்லை.

இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முன் அறையில் வரும் 40 கோளாறு இல்லை. ஒற்றை ஆன்டெனா வைத்த, 2.4 கிகாஹெர்ட்ஸ் (வைஃபையின் பழைய அலைவரிசை) மட்டும் உள்ள ரூட்டரின் பெட்டியில் 150 என்று போட்டிருக்கும். அது இரட்டை அகல சேனலுக்கான கணக்கு (சேனல் என்பது அலைவரிசைக்குள் ரூட்டர் பேசும் தடம்). சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதன் உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான், அதிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கைக்கு வரும். அந்த ரூட்டரை என்ன செய்தாலும் 100 தராது.

அடுக்களை விஷயம் வேறு. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். அந்தக் காலத்து வீடுகளுக்குச் சுவர் கனம், கட்டு கட்டாகப் பின்னால் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு சுவரும் சிக்னலைத் தின்னும். ரூட்டர் டிவி அலமாரிக்குள்ளோ இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ இருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள்.

அப்படியும் போதவில்லை என்றால் ரிப்பீட்டர் வாங்க அவசரப்படாதீர்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். முன்கட்டுக்கு நல்ல ரூட்டர் ஒன்று வாங்கினால், பழையதற்குக் கம்பெனி இன்னும் ஃபர்ம்வேர் (ரூட்டரை இயக்கும் மென்பொருள்) கொடுத்துவந்தால் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகலாம். பழையதன் செட்டிங்கில் டிஹெச்சிபியை (ஃபோன், லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்துங்கள். முகவரியை 192.168.1.2 மாதிரி, முதல் ரூட்டரோடு மோதாத எண்ணாக மாற்றுங்கள். கேபிளை வெளி இணைப்புக்கான வான் (WAN) துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். அடுக்களையில் யூடியூப் பார்க்க அது தாராளமாகப் போதும்.

கேள்வி (பண்பொழி): அண்ணா, பகலில் நன்றாக இருக்கிறது. ராத்திரி ஏழு மணியிலிருந்து பத்து வரை ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது.

தங்கச்சி, அந்த நேரத்தில்தான் தெருவில் எல்லா வீட்டு ரூட்டரும் ஒரே நேரத்தில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான். வைஃபை அனலைசர் செயலியை ஃபோனில் போட்டு, இந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதை வையுங்கள். 3, 8 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் இருந்தால் வகுப்புக்கு அதையே பிடியுங்கள். தூரம் குறைவாகத்தான் போகும், ஆனால் நெரிசல் ரொம்பக் குறைவு.

ராத்திரியில் கேபிள் மாட்டிப் பார்த்தும் இதே கதை என்றால் ரூட்டரைத் தொடாதீர்கள். நெரிசல் லைனில் இருக்கிறது. நேரத்தையும் வேகத்தையும் மூன்று நான்கு நாள் குறித்துக்கொண்டு இணைப்புக் கொடுத்தவரிடம் புகார் கொடுங்கள். கேபிளில் எடுத்த அளவு என்றால் உங்கள் வைஃபைதான் சரியில்லை என்று தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி (ஆரியங்காவு): போன ஐப்பசி இடிக்குப் பிறகு ரூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிகிறது. எரியும்போதும் வேகம் இல்லை.

முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள் அண்ணே. வயதான அடாப்டரில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சோர்ந்துவிடும். வேலை கூடும்போது மின்னழுத்தம் இறங்கி ரூட்டர் மறுபடி முதலிலிருந்து கிளம்பும். ரூட்டரின் அடியில் 9 வோல்ட் அல்லது 12 வோல்ட் என்று இருக்கும். புது அடாப்டரில் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. முனையின் பிளஸ் மைனஸ் குறியும் பொருந்த வேண்டும்.

அடாப்டர் மாற்றியும் தீரவில்லை என்றால் இடி லேன் துளையைத் தாக்கியிருக்கலாம், வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் தூணிலிருந்து வரும் கேபிளோடு உலோகக் கம்பி சேர்ந்திருந்தால் அதில் ஓடும். இனிமேல் வானம் இருட்டும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடி முழங்க ஆரம்பித்த பிறகு கம்பிகளைத் தொட வேண்டாம்.

கேள்வி (கோட்டைவாசல் பக்கம்): எங்களுக்கு ஃபைபர் இல்லை, சிம் போடும் 4ஜி ரூட்டர்தான். ஒரு நேரம் கேரளா டவர், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவர். மாறும்போதெல்லாம் நெட் இழுக்கிறது.

எல்லையில் இருக்கிற எல்லாருக்கும் உள்ள தொல்லை இது. இரண்டு பக்கத்து சிக்னலும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் வந்தால் ரூட்டர் அங்குமிங்கும் தாவிக்கொண்டே இருக்கும். ரூட்டர் செட்டிங்கில் ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின் பலம்) என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 80, 90 நல்லது. மைனஸ் 110க்குக் கீழே போனால் சிரமம். கிழக்கு ஜன்னலிலும் மேற்கு ஜன்னலிலும் வைத்து எண்ணைக் குறித்து, நல்லதாக வரும் பக்கத்தில் நிலையாக வையுங்கள். நடுவில் மலை நின்றால் சில அடி நகர்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பேண்டை, அதாவது டவரின் அலைவரிசையைப் பூட்டும் வசதி இருந்தால் நன்றாக வரும் பேண்டில் பூட்டிவிடுங்கள், தாவுவது குறையும்.

கேள்வி (கடையநல்லூர்): சவூதியில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசும்போது படம் உறைந்துவிடுகிறது. வேகம் பார்த்தால் சரியாகக் காட்டுகிறது.

அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய ஃபோனாவது படங்களைப் பேக்கப் செய்கிறதா என்று பாருங்கள் அக்கா. அப்லோடு பாதை முழுக்க நிரம்பிவிட்டால் உங்கள் பேச்சு ரூட்டரில் வரிசையில் காத்துக் கிடக்கும். பழைய ரூட்டர்களில் இது ரொம்ப மோசம். பேக்கப்பை எல்லாரும் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். ரூட்டரில் கியூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) இருந்தால் அப்லோடு எல்லையை, கேபிளில் அளந்த வேகத்தில் 85 சதவீதம் அளவுக்கு வையுங்கள். பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரியும்.

கேள்வி (இலஞ்சி): புது ஃபோன், பக்கத்தில் உட்கார்ந்தாலும் 54க்கு மேல் இணைப்பு வேகம் காட்டவில்லை.

பாதுகாப்பு செட்டிங் டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்று இருக்கலாம். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். பழைய முறைகளில் வேகம் 54ல் முட்டிக்கொள்ளும், பாதுகாப்பும் கிடையாது.

கேள்வி (புளியரை): 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். கேபிளில் 94தான் வருகிறது. இப்போதாவது ரூட்டரை மாற்றலாமா?

மாற்றலாம் தம்பி, 94 என்பதே அடையாளம். ரூட்டரின் துளைகள் 100 எம்பிபிஎஸ் அளவுதான். ஆனாலும் ஒருமுறை கேபிளை மாற்றிப் பாருங்கள். நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று அறுந்திருந்தாலும் கிகாபிட் துளை 100க்கு இறங்கிவிடும்.

வாங்கும்போது கிகாபிட் துளைகள், 2.4, 5 இரண்டும், வைஃபை 6, இவ்வளவு போதும். வீட்டில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியிலேயே இரண்டு பேண்டும் இருந்தால் தனி ரூட்டரே தேவைப்படாது, முதலில் அதை விசாரியுங்கள். கம்பெனி ஃபர்ம்வேர் கொடுப்பதை நிறுத்திவிட்ட பழைய ரூட்டரை, வேகம் சரியாக இருந்தாலும் நான் வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஓட்டை தெரிந்தாலும் அதை அடைக்க ஆள் இல்லை. அதை யாருக்கும் கொடுப்பதற்கு முன், பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஊசியால் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் இணைப்பின் பயனர் பெயரும் அதில்தான் இருக்கின்றன.