போமட்டுக்கு முன் பைல்களை எடுங்கள்

கேள்வி: லெப்டொப்பை ஆன் பண்ணினால் கம்பனிப் பெயர் வருகிறது. பிறகு 'ப்ரிப்பேரிங் ஓட்டோமெட்டிக் ரிப்பேர்' என்று வந்து கறுத்து, மறுபடியும் அதே கதை. பெட்டரி செத்து நாளாயிற்று, வயரில்தான் ஓடுகிறது. கடையில் போமட் அடிக்கச் சொல்கிறார்கள். தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் எல்லாம் அதற்குள்தான்.
- ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: டீச்சர், போமட் அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதற்கு இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள். கம்பனிப் பெயர் வருகிறது என்றால் மதர்போர்ட், ராம் என்ற நினைவகம், ஸ்கிறீன் எல்லாம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பழுது வின்டோஸில், அல்லது டிஸ்கில். பெட்டரி இல்லாத லெப்டொப் கரண்ட் போன அந்த நொடியே நின்றுவிடும். அப்டேட் ஏறிக்கொண்டிருந்த நேரமென்றால் வின்டோஸ் குழம்பிவிடும். மாரி காலத்தில் என் மேசைக்கு வருவதில் பாதி இந்தக் கேஸ்தான்.

முதலில் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேளுங்கள். சுழலும் ஹாட் டிஸ்க் 'டிக், டிக்' என்று விடாமல் அடித்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஆன் பண்ணினால் உள்ளே இருப்பதும் போய்விடும். பைல் மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சத்தம் இல்லையா, சரி, ஒரு பென்டிரைவைச் செருகுங்கள். வின்டோஸின் நீலநிற ரிப்பேர் மெனு தானாக வராவிட்டால், கம்பனிப் பெயர் வரும்போதே பவர் பட்டனை அமத்திப் பிடித்து நிறுத்துங்கள். 3 தடவை இப்படிச் செய்தால் பெரும்பாலும் வரும். அதில் ட்ரபிள்சூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்று போங்கள். கறுப்புப் பெட்டியில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். வரும் நோட்பேடில் ஃபைல், ஓபன். கீழே 'ஓல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் போல்டர்கள் எல்லாம் தெரியும். சி டிரைவ் அங்கே டி என்றும் காட்டலாம், திகைக்க வேண்டாம். வினாத்தாள் போல்டரை ரைட் கிளிக் பண்ணி கொப்பி எடுத்து பென்டிரைவில் பேஸ்ட் பண்ணுங்கள். எவ்வளவு ஏறியது என்று காட்டாது, உறைந்ததுபோல நிற்கும். பொறுமையாக விடுங்கள். இடையில் டிஸ்கின் பூட்டைத் திறக்க (பிட்லொக்கர் என்பார்கள்) 48 இலக்கச் சாவி கேட்டால், அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். போனிலேயே பார்க்கலாம்.

பைல் கைக்கு வந்த பிறகு அதே மெனுவில் ஸ்டார்டப் ரிப்பேர், அதுவும் சரிவராவிட்டால் கடைசி அப்டேட்டை நீக்குவது. இரண்டும் பலிக்காவிட்டால் போமட் அடிக்கட்டும். கையோடு பெட்டரியையும் மாற்றுங்கள் டீச்சர், இல்லாவிட்டால் அடுத்த மாரிக்கும் இதே பாடுதான்.

கேள்வி: லெப்டொப்பில் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. வீடு கடற்கரைக்குக் கிட்ட.
- மாணவர், கல்முனை

பதில்: தம்பி, சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடித்து, பிறகு ஆன் பண்ணிப் பாருங்கள். வராவிட்டால் இருட்டறையில் போன் டோர்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக ஏதும் தெரிந்தால் திரையின் பின்வெளிச்சம்தான் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் ராமில் சந்தேகம். உப்புக்காற்றில் அதன் தங்கநிறப் பற்கள் மங்கிப்போகும். பெட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ராமைக் கழற்றி அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். மெல்லிய மொடல் சிலதில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், அதைத் திறக்காதீர்கள்.