ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட்? பசுமை ஹைட்ரஜன்: கேள்வி பதில்

காஸ்டிக் சோடா ஆலையில் பதினெட்டு வருடம் இருந்தேன். இப்போது எலக்ட்ரோலைசர் பராமரிப்பு, அதாவது தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் மெஷின். அந்த மின்சாரம் வெயிலிலோ காற்றிலோ வந்தால் அது பசுமை ஹைட்ரஜன். ஹைட்ரஜன்தான் எனக்குச் சோறு போடுகிறது, ஆனாலும் அதன் குறையை மறைக்க மாட்டேன். முதலிலேயே ஒன்று: வீட்டில் யாரும் ஹைட்ரஜன் செய்து பார்க்க வேண்டாம்.

இயற்பியல் ஆசிரியர், கோவில்பட்டி: போடுகிற ஆற்றலைவிடக் கிடைப்பது குறைவு என்றால், சூரிய ஒளியில் ஹைட்ரஜன் எடுப்பதே வெட்டி வேலை இல்லையா?

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன சார், எல்லோரும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, பேனல் செய்யச் செலவான ஆற்றல் திரும்பி வருமா? வரும். நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய ஒரு வருடத்தில் பேனல் தன் கடனை அடைத்துவிடும். அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும். நடுவில் ஹைட்ரஜனாக மாற்றி மூன்றில் ஒரு பங்கை இழந்தாலும் மொத்தக் கணக்கு லாபம்தான்.

இரண்டாவது, அதே மின்சாரத்துக்கு வேறு நல்ல வேலை இருந்ததா? சிக்கல் இங்கேதான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள் இருப்பது 33 யூனிட். அதை எடுக்க எலக்ட்ரோலைசர் கேட்பது 50 முதல் 55 யூனிட். கார் டேங்கில் 700 பார் அழுத்தத்துக்கு ஏற்றக் கம்ப்ரசருக்கும் சில யூனிட் போகும். அந்தக் கிலோவில் ஹைட்ரஜன் கார் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அதே 55 யூனிட்டை பேட்டரி காரில் ஏற்றினால் 350 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். ஆகவே கம்பி இழுக்க முடிந்த இடத்தில் ஹைட்ரஜன் வேண்டாம்.

உரம், எண்ணெய் சுத்திகரிப்பு, இரும்பு உருக்கு ஆகியவை வேறு கதை. அங்கே ஹைட்ரஜன் எரிபொருள் இல்லை, மூலப்பொருள். ஒரு டன் அம்மோனியாவுக்கு 177 கிலோ ஹைட்ரஜன் தேவை. பேட்டரியை அரைத்துப் போட்டு அம்மோனியா செய்ய முடியாது. இன்று அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறோம். கிலோவுக்கு ஒன்பது பத்து கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

யாராவது திட்டத்தோடு வந்தால் விலையைக் கேட்காதீர்கள். கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள்.

தூத்துக்குடி வாசகி: எங்கள் துறைமுகக் குடியிருப்பில் ஹைட்ரஜனில் தெருவிளக்கு எரிகிறதாமே?

ஆமாம் அம்மா. வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கிய சோதனை ஆலை அது. மணிக்கு 10 கன மீட்டர், எடையில் பார்த்தால் 900 கிராம். ஆட்களுக்குக் கை பழக அது நல்ல ஏற்பாடு. விளக்கு எரிப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு பேனலும் பேட்டரியும் போதும்.

அதே வாசகி: எங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை...

வேதியியல் கணக்குப்படி கிலோவுக்கு 9 லிட்டர். சுத்திகரிப்பு, குளிரூட்டல் எல்லாம் சேர்ந்தால் அதைவிடக் கூடும். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். 55 யூனிட்டுக்கு முன் அது தூசு. ஆகவே கடல்நீரில் செய்யட்டும், குடிநீர்க் குழாயில் கை வைக்கக் கூடாது. அதை நீங்கள் விடாமல் கேளுங்கள்.

தண்ணீரில் ஓடும் கார் வீடியோ பார்த்தேன். உண்மையா?

இல்லை. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை யாராலும் மறுபடி கொளுத்த முடியாது.

காற்றாலை ஒப்பந்ததாரர், வள்ளியூர்: கிரிட்டில் மின்சாரம் மிஞ்சினால் பேக்டவுன் என்று காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள். வீணாகப் போகிற மின்சாரம்தானே, அதை ஹைட்ரஜன் ஆக்கினால் எத்தனை யூனிட் ஆனால் என்ன?

மின்சாரம் சும்மா, மெஷின் சும்மா இல்லை. வருடத்தில் 8,760 மணி நேரம். பேக்டவுன் 400 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், தேரோட்டத்துக்கு மட்டும் ஓட்டப் பஸ் வாங்கிய கதைதான்.

இன்னொன்று, மெஷினுக்கும் மனசு உண்டு. எங்கள் ஆல்கலைன் வகை எலக்ட்ரோலைசரின் ஸ்டாக்கில், அதாவது தண்ணீர் பிளக்கும் செல்களின் அடுக்கில், 80 டிகிரி சூட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சுற்றிக்கொண்டிருக்கும். சித்திரை மத்தியானம் ஒரே ஒரு மேகம் கடந்தால் லோடு சரியும். லோடு சரிந்தால் ஹைட்ரஜன் தடுப்புத் திரை வழியாக ஆக்சிஜன் பக்கம் கசிந்து சேரும். மீட்டரில் 0.6 சதவீதம் என்று நிம்மதியாக இருந்தது 1.1, 1.5 என்று ஏறும். 4 சதவீதத்தில் வெடிக்கும் என்பதால் 2-ஐத் தொட்டதும் ஸ்டாக் தானாக நின்றுவிடும். அப்புறம் நைட்ரஜன் விட்டுக் கழுவி மறுபடி சூடாக்கி எடுப்பதற்குள் மேகமும் போயிருக்கும், நல்ல வெயிலும் போயிருக்கும்.

வள்ளியூர்க்காரர் மறுபடி: ஆடிக் காற்று ராத்திரியும் அடிக்கும் சார். வெயிலையும் காற்றையும் சேர்த்தால்?

இது சரியான பேச்சு. இரண்டும் சேர்ந்தால் மெஷின் ஓடும் மணி நேரம் நன்றாகக் கூடும். ஆனால் நீங்கள் பேக்டவுனை விட்டுவிட்டு நல்ல மின்சாரத்துக்கு வந்துவிட்டீர்கள். அதற்கு விலை உண்டு.

குறுக்கே ஒருவர், சேலம்: சூரியன் பில் அனுப்புவதில்லை. இந்த யூனிட் கணக்கே பழைய காலத்து இன்ஜினியர் புத்தி.

பழைய காலத்து ஆள்தான். மத்திய அரசின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2023-இல் வைத்த 2030 இலக்கு வருடத்துக்கு 50 லட்சம் டன். கிலோவுக்கு 55 யூனிட் வீதம் 27,500 கோடி யூனிட். பத்து யூனிட் மிச்சம் பிடித்தால் 5,000 கோடி யூனிட் குறையும். ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்குச் சுமார் 1,500 யூனிட் தருகிறது என்றால், 33,000 மெகாவாட் பேனல் வாங்கவே வேண்டாம். அதற்கான நிலமும் கண்ணாடியும் கம்பியும் வேண்டாம். சூரியன் பில் அனுப்புவதில்லை, பேனல்காரர் அனுப்புவார்.

சேலம்: அப்போ ராத்திரி கிரிட் மின்சாரத்தில் ஓட்டி மெஷினின் மணி நேரத்தை நிரப்புங்கள்!

நம் கிரிட்டில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. 55-ஆல் பெருக்கினால் 38 கிலோ. எரிவாயு முறையைப்போல நான்கு மடங்கு அழுக்கு. பசுமை என்று சொல்லிக்கொள்ள இந்திய அரசு 2023-இல் வைத்த வரம்பு 2 கிலோ. வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.

ஆராய்ச்சி மாணவி: மின்சாரமே இல்லாமல், வினையூக்கியில் வெயில் பட்டு நேரடியாக?

அழகான துறை. 1972-இல் ஹோண்டாவும் புஜிஷிமாவும் டைட்டானியம் டை ஆக்சைடில் காட்டினார்கள். டோக்கியோ குழு 100 சதுர மீட்டர் அமைப்பை வெளியில் வைத்து ஓட்டி 2021-இல் முடிவை வெளியிட்டது: வெயிலின் ஆற்றலில் ஹைட்ரஜனாகச் சேர்ந்தது அதிகபட்சம் 0.76 சதவீதம். 20 சதவீதப் பேனலோடு எலக்ட்ரோலைசர் சேர்த்தால் 12, 13 வரும். நீங்கள் பிடிக்க வேண்டிய தூரம் அது. விட்டுவிடாதீர்கள்.

தண்ணீரில் பைக் ஓட்டும் கிட் வாங்கலாமா?

மேலே பார்க்கவும்.

மொட்டை மாடியில் 5 கிலோவாட் போட்டிருக்கிறேன். ஹைட்ரஜனாகச் சேமிக்கலாமா?

ஒரு நாளைக்கு 20 யூனிட் வரும். ஹைட்ரஜனாக்கி, ஃப்யூல் செல் வழியாக மறுபடி மின்சாரமாகத் திருப்பினால் மிஞ்சுவது 6. பேட்டரியில் 17, 18.

பத்தாம் வகுப்பு மாணவன்: பாட்டிலில் உப்புத் தண்ணீர் விட்டு பேட்டரி கொடுத்தேன், நல்லா குமிழி வருது.

தம்பி, உடனே நிறுத்து. உப்பு போட்டால் வருவது ஆக்சிஜன் மட்டும் இல்லை, குளோரின். நுரையீரலைப் பொசுக்கும். இதைத்தான் முதலிலேயே சொன்னேன். ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. குழாயில் கசிந்து எரிகிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள். துடைப்பம் பற்றினால் அங்கே தீ. ஜன்னலைத் திற, பேட்டரியைக் கழற்று, நாளைக்கு ஆய்வகத்தில் டீச்சரைக் கேள்.