மீயொலிக் கத்தி ஏன் சுடுகிறது, ஏன் தடுமாறுகிறது? – கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து அறுவை அரங்குகளிலும் பல் மருத்துவ நிலையங்களிலும் வேலை செய்கிறவர்கள் மீயொலி (காதுக்கு எட்டாத அளவு வேகமான அதிர்வு) அறுவைக் கருவிகளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்ல. இந்தக் கருவிகளைச் சோதித்துப் பழுது பார்க்கும் பொறியாளன். பெரும்பாலான கேள்விகள் இரண்டில் ஒன்றாகவே வந்தன: "சூடாகிறது", "பிழை காட்டி நின்றுவிடுகிறது". இவை இரண்டு நோய்கள் அல்ல, ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுவை அரங்கச் செவிலியர், காரைக்குடி: ஐயா, மீயொலிக் கத்தியில் நோயாளியின் உடலுக்குள் மின்சாரம் போவதில்லை, அதனால் சுடாது என்று சொல்லித் தந்தார்கள். பித்தப்பை அறுவையின் நடுவே அதை வாங்கி ஈரத் துணியில் வைத்தேன், சுர்ரென்று ஆவி வந்தது. கருவியில் கோளாறா?

கோளாறு இல்லை அம்மா. மின்சாரம் போவதில்லை என்பது சரி, சுடாது என்பதுதான் தவறு. இந்த வகைக் கத்தியின் டைட்டானியம் முனை விநாடிக்கு ஏறத்தாழ 55,500 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. போய்வரும் தூரம் 50 முதல் 100 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கண்ணுக்குத் தெரியாத அசைவு என்று குறைத்து எண்ணவேண்டாம். மொத்த அசைவு 80 மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முனையின் உச்ச வேகம் விநாடிக்கு சுமார் 14 மீட்டர், உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல் கிட்டத்தட்ட 5 லட்சம் மடங்கு. அந்த முனையில் திசுவை அழுத்திப் பிடிக்கும்போது உராய்வில் சூடு பிறக்கத்தான் செய்யும். அந்தச் சூட்டில்தான் புரதம் உறைந்து ரத்தக் குழாய் அடைபடுகிறது.

கருவியைக் காலால் இயக்கும் மிதியைச் சிறிது நேரம் மிதித்தால் முனை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். திசு அறுந்த பிறகும் மிதியை எடுக்காமல் இருந்தால், முனை, திசுவை அதனோடு அழுத்திப் பிடிக்கும் எதிர்த்தாடையின் டெஃப்ளான் (வழுக்கும் பிளாஸ்டிக்) பட்டையையே தேய்க்கத் தொடங்கும். அங்கே ஈரம் இல்லை, சூட்டை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. 200 டிகிரியைத் தாண்டுவது அப்போதுதான். மிதியை விட்டபின்னும் பல விநாடிகளுக்கு, சில நேரம் அரை நிமிடத்துக்கு மேலும், முனை திசுவைச் சுடும் அளவில் இருக்கும். அந்த நேரத்தில் அதே முனையால் குடலை ஒதுக்கினால், அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துக் குடலில் ஓட்டை விழுந்திருப்பது தெரியும். நீங்கள் ஈரத் துணியில் வைத்தீர்களே, அதுதான் சரியான பழக்கம். விடாதீர்கள். தைராய்டு அறுவையில் குரல் நரம்பிலிருந்து குறைந்தது 3 மில்லிமீட்டர் தள்ளி வேலை செய்யச் சொல்வதும் இந்தச் சூட்டை எண்ணித்தான்.

இறுதியாண்டு மாணவர், அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி: வணக்கம் ஐயா. மீயொலிக் கருவிக்கு மின்னதிர்வு தரும் ஜெனரேட்டர் ஒன்றை எங்கள் திட்டப்பணிக்காக வடிவமைக்கிறோம். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடுகிறது. சில நிமிடங்களில் அதிர்வு குறைந்து, பிறகு ஒத்ததிர்வையே தவறவிடுகிறது. ஏன்?

தம்பி, நல்ல இடத்தில் முட்டியிருக்கிறாய். இந்தத் துறையின் பாதி வேலை இதற்குள்தான் இருக்கிறது.

நம் ஊர் வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள். அது திரும்பும் கணத்தில் விரலால் தள்ளினாலே உயரப் போகும், கணம் தவறினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் வீண். மின்னழுத்தம் தந்தால் நீண்டு சுருங்கும் பீங்கான் வளையங்களை உலோகத்துக்கு நடுவே வைத்துப் போல்ட்டால் இறுக்கிய உன் அதிர்வுத்தூண்டியும் அப்படித்தான், தனக்கே உரிய அதிர்வெண்ணில் தள்ளினால்தான் பெரிதாக அதிரும். அதுதான் ஒத்ததிர்வு. நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிப்பதற்காக 1917-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்செவன் குவார்ட்ஸை எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்த அமைப்பின் வழிவந்தது அது. அதன் தரக்காரணி (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையானது என்று காட்டும் எண்) 1000 என்று வைத்துக்கொண்டால், 55.5 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வின் அகலம் 55 ஹெர்ட்ஸ்தான். டைட்டானியம் சூடானால் அதன் விறைப்பு குறைகிறது, ஒலி மெதுவாகப் போகிறது, ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது. கத்தி முனை மட்டும் சூடானாலே இறக்கம் சில நூறு ஹெர்ட்ஸ் ஆகிவிடும். உன் ஜெனரேட்டர் பழைய இடத்திலேயே தள்ளிக்கொண்டிருந்தால் அதிர்வு குறையாமல் என்ன செய்யும்?

அதனால் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே அதிர்வெண்ணை நகர்த்தவேண்டும். கட்டம் என்பது அந்த இரண்டுக்கும் இடையிலான நேர விலகல், கட்டப்பூட்டுச் சுற்று செய்வது இதைத்தான். நீயும் அதைப் போட்டிருப்பாய் என்றே நினைக்கிறேன், இருந்தும் தவறுகிறது என்றால் பீங்கானின் நிலை மின்தேக்குத்திறனை (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவை) பார். அதன் வழியே ஓடும் மின்னோட்டம் அதிர்வுக்கு உதவாது, கட்டத்தை மட்டும் குழப்பும். அதை ஈடுகட்ட இணையாக ஒரு தூண்டுசுருள் வைப்பார்கள். பீங்கான் சூடாகச் சூடாக அந்த மின்தேக்குத்திறன் கூடிக்கொண்டே போகும். காலையில் அளந்து பொருத்திய சுருள், சூடேறிய பீங்கானுக்குப் பொருந்தாது. உன் சுற்று காணும் "பூஜ்யக் கட்டம்" உண்மையான ஒத்ததிர்வு அல்ல. திசுவை அழுத்திப் பிடித்து ஆற்றல் இழப்பும் கூடிவிட்டால், கட்டம் பூஜ்யத்தைத் தொடாமலே போய்விடும். அப்போது பூட்டு அறுந்து, பக்கத்தில் இருக்கும் குறுக்கு அதிர்வு ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். கீச்சென்ற ஒலி கேட்டால் அதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

செய்யவேண்டியது: தேடும் எல்லையைக் குறுக்கு. மின்னழுத்தத்தை நிலையாக வைக்காமல், அதிர்வை உண்டாக்கும் மின்னோட்டத்தை நிலையாக வை. அசைவின் வேகம் அந்த மின்னோட்டத்தைத்தான் பின்தொடர்கிறது. மின்மறுப்பை, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையை, சூட்டோடு சேர்த்து அளந்து பார். கல்லூரியில் அளக்கும் கருவி இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) கேட்டுப் பார், மின்வேதியியல்காரர்களுக்கு மின்மறுப்பு அளப்பது அன்றாட வேலை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதிர்வெண் இறங்குவதைத் தொல்லையாக மட்டும் பார்க்காதே. முனையில் வெப்பமானி வைக்க இடமில்லை, ஆனால் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதே முனையின் சூட்டைச் சொல்லிவிடுகிறது. புதிய ஜெனரேட்டர்கள் சில, திசு அறுந்து டெஃப்ளானைத் தொட்டதை இந்த இறக்கத்தை வைத்தே உணர்ந்து, ஆற்றலைக் குறைத்து, ஒலியை மாற்றி எச்சரிக்கின்றன. உன் திட்டப்பணியில் அதைக் கொண்டுவந்தால் நான் வந்து பார்க்கிறேன்.

தனியார் மருத்துவமனை மேலாளர், தேவகோட்டை: கத்திரி வெயிலில் மட்டும் எங்கள் கருவி அடிக்கடி பிழை காட்டுகிறது. மின்னழுத்த ஏற்ற இறக்கம்தான் காரணமா? ஸ்டெபிலைசர் போதுமா?

பெரும்பாலும் இல்லை. இன்றைய கருவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை. சிறு ஏற்ற இறக்கம் முனைவரை போவதில்லை. மின்சாரம் போய் டீசல் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளிதான் கருவியை அணைத்து எழுப்புகிறது. அதற்கு ஸ்டெபிலைசர் உதவாது, ஆன்லைன் யுபிஎஸ் வேண்டும். அதற்கும் முன்னால், கருவியின் பின்புறக் காற்று வழியைத் திறந்து பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசி அங்கே படிந்திருந்தால், ஏசி ஓடினாலும் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

அதே மருத்துவமனையின் கருவி நுட்பர்: ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) எடுத்த ஹேண்ட்பீஸை (அதிர்வுத்தூண்டி உள்ள கைப்பிடி) அவசரத்துக்குக் குளிர்ந்த சலைனில் முக்கி ஆறவைக்கிறோம். சரிதானே ஐயா?

தயவுசெய்து நிறுத்துங்கள். உள்ளே இருப்பது பீங்கான். திடீர்க் குளிர் பட்டால் விரிசல் விடும், ஒட்டு விடும், முத்திரைகளின் வழியே ஈரமும் உள்ளே போகும். இணைப்பியில் ஈரம் தங்கினாலே மின்கசிவு ஏற்பட்டுப் பிழை வரும். முன்சொன்ன கேள்விக்கு இதுவும் ஒரு விடையாக இருக்கலாம்.

சூடாக இருக்கும்போது இயக்குவதும் தவறு. இந்த வகைப் பீங்கானில் சிலவற்றின் கியூரி வெப்பநிலை 300 டிகிரிக்குப் பக்கம். அதற்குமேல் அதன் மின்தன்மை போய்விடும். பாதிக்குமேல், அதாவது 150-க்குமேல், வேலை வாங்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் வழக்கம். ஆட்டோகிளேவ் 134 டிகிரி. எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்று பாருங்கள். சூட்டில் பீங்கானின் இழப்பு கூடும், இழப்பு கூடினால் இன்னும் சூடாகும். தட்டில் வைத்து அறை வெப்பநிலைக்குத் தானாக ஆறவிடுங்கள். அவசரம் என்றால் இன்னொரு ஹேண்ட்பீஸ் வாங்கி வைப்பதுதான் வழி.

பல் மருத்துவர், காரைக்குடி: பற்காரையை நீக்கும் மீயொலி ஸ்கேலரில் தண்ணீர் குறைவாக வந்தால் நோயாளிகள் கூச்சம் என்கிறார்கள். போர் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம்.

டாக்டர், தண்ணீர் அங்கே கழுவுவதற்கு மட்டும் இல்லை, குளிர்விப்பதற்கும்தான். பல்லுக்குள் நரம்பு இருக்கும் பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி உயர்ந்தாலே 15 சதவீதப் பற்களில் கூழ் மீளாமல் போனது என்று 1965-லேயே குரங்குப் பற்களில் காட்டியிருக்கிறார்கள். நிக்கல் தகடுகள் கொண்ட காந்த வகை ஸ்கேலர் என்றால் ஹேண்ட்பீஸும் அதே தண்ணீரால்தான் ஆறுகிறது. நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் வருகிறதா என்று ஒரு அளவுக்குவளையில் பிடித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் சிறு குழாயை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரைத் தனிப் புட்டியிலிருந்து விடுங்கள். முனை 2 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் திறன் பாதி போயிருக்கும், ஆற்றலைக் கூட்டிச் சரிக்கட்டாமல் முனையை மாற்றுங்கள்.

கண்புரைக்கான ஃபேக்கோ முறை பிறந்ததே உங்கள் நாற்காலியில்தான். அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் தம் பல் மருத்துவரிடம் மீயொலி ஸ்கேலரைப் பார்த்துத்தான் அந்த வழியைப் பிடித்தார்.

கல்லூரி மாணவி, கானாடுகாத்தான்: என் அப்பத்தாவுக்கு அடுத்த வாரம் கண்புரை அறுவை. லேசர் என்கிறார்கள், கண் சுட்டுவிடுமோ என்று அப்பத்தா பயப்படுகிறார்.

அப்பத்தாவிடம் பயப்படவேண்டாம் என்று சொல்லம்மா. நம் ஊரில் லேசர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் லேசர் அல்ல, இந்த மீயொலிதான். கெல்மன் 1967-இல் தொடங்கியது. ஊசி முனை அதிர்ந்து புரையை உடைக்க, அதைச் சுற்றியுள்ள சிலிக்கோன் உறை வழியே உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும், உடைந்த துகளோடு சூடும் வெளியே போய்விடும். கருவிழியின் புரத நார்கள் சுருங்க 60 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். நீரோட்டம் இருக்கும்வரை அந்த அளவுக்கு ஏறாது. நீர் தடைபட்டால் சில விநாடிகளில் ஏறிவிடும் என்பதால்தான், கண்ணுக்குள் வைக்குமுன் முனையை நீர் நிரம்பிய சிறு குப்பியில் ஓட்டிச் சோதிக்கிறார்கள். சூட்டைக் குறைக்க அதிர்வை விட்டுவிட்டுத் தரும் முறையும் இருக்கிறது.

அறுவை அரங்கப் பொறுப்பாளர், திருப்பத்தூர்: ஒருமுறைக் கத்திகளை வாயுவில் கிருமி நீக்கி மூன்று நான்கு முறை பயன்படுத்துகிறோம். ஏழை நோயாளிகளுக்கு வேறு வழி இல்லை. பிறகு ஏன் பிழை வருகிறது?

செலவு எவ்வளவு பெரிய சுமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதை நான் ஏற்கமாட்டேன். வாயு கிருமியைத்தான் கொல்லும். தேய்ந்த டெஃப்ளான் பட்டையை வளர்க்காது, டைட்டானியத்தில் விழுந்த கீறலை மூடாது. கிளிப்பையோ ஸ்டேப்பிளையோ ஒருமுறை தொட்ட முனையில் கீறல் விழுந்திருக்கும். முன்னே சொன்ன முடுக்கத்தில் கீறல் விரிசலாகும், விரிசல் விழுந்தால் ஒத்ததிர்வு இடம் மாறும், இழப்பு கூடிச் சூடு ஏறும். ஜெனரேட்டர் பிழை காட்டுவது அந்த விரிசலைக் கண்டதால். அதை மீறி மீண்டும் மீண்டும் மிதித்தால் முனை வயிற்றுக்குள் ஒடிந்து விழலாம். பணம் இல்லாத நோயாளிக்கு முடிச்சுப் போட்டு வெட்டும் பழைய முறை இன்றும் நல்ல முறைதான். அல்லது, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கென்றே செய்த கத்தியை வாங்குங்கள்.

அதே செவிலியர், காரைக்குடி: பிழை வந்தால் கத்தியா, ஹேண்ட்பீஸா என்று அரங்கத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதலில் கத்தியைக் கழற்றி, கூடவே வரும் முறுக்குத் திருகியால் மீண்டும் பொருத்துங்கள். இரண்டு முறை 'கிளிக்' கேட்கவேண்டும். கையால் இறுக்கியது போதாது, தளர்ந்த இணைப்பு அந்த இடத்திலேயே சூடாகும். முனையில் உறைந்த ரத்தம் ஒட்டியிருந்தால் அதன் எடையே அதிர்வெண்ணை இழுக்கும். சலைனில் முனையை மட்டும் வைத்துச் சில விநாடி ஓட்டுங்கள், கிண்ணத்தின் உலோகத்தைத் தொடக்கூடாது. பிறகு தாடையைத் திறந்துவைத்துக் காற்றில் சோதனை ஓட்டம் விடுங்கள். அப்போதும் பிழை என்றால் புதுக் கத்தியை மாட்டிப் பாருங்கள். புதுக் கத்தியிலும் வந்தால் ஹேண்ட்பீஸ். அதன் பயன்பாட்டு எண்ணிக்கை தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், கேபிள் இணைப்பியில் ஈரம்.