260/230 விகிதம் 0.6: இந்த ஆர்.என்.ஏ.வை கியூபிசிஆருக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், தூக்கிப் போட வேண்டாம். 260/230, 260/280 இரண்டும் அந்தந்த நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலை அளந்து ஆர்.என்.ஏ.வின் தூய்மையைப் பார்க்கும் விகிதங்கள்; கியூபிசிஆர் என்பது மரபணு வெளிப்பாட்டின் அளவைப் பார்க்கும் சோதனை. 260/280 உங்களுக்கு 1.95 வந்திருக்கிறது, அதனால் புரதக் கலப்பு பெரிய சந்தேகமில்லை. 230 பக்கம் தூக்கிக் காட்டுவது பெரும்பாலும் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கப் பயன்படுத்தும் டிரைசால் கரைசலில் இருந்து மீந்த குவானிடின் உப்பு. மிகக் குறைந்த அளவே இருந்தாலும் அது விகிதத்தைக் கவிழ்த்துவிடும். நொதியைத் தடுக்க அதைவிட நிறைய வேண்டும்.

எண்ணை மட்டும் பார்க்காமல் ஒளி உறிஞ்சல் வரைகோட்டையும் பாருங்கள். முகடு 260-இல் இல்லாமல் 270 பக்கம் நகர்ந்திருந்தால் அது ஃபீனால் (டிரைசாலில் இருக்கும் இன்னொரு பொருள்). அப்போது காட்டும் செறிவையே நம்ப முடியாது.

சோதனை இதுதான்: அதே ஆர்.என்.ஏ.வை அப்படியே ஒன்று, 10 மடங்கு நீர்த்து ஒன்று, இரண்டையும் சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகல்) ஆக்கி கியூபிசிஆரில் ஓட்டுங்கள். சிடி (சமிக்ஞை தெரியத் தொடங்கும் சுழற்சி எண்) வித்தியாசம் 3.3 அருகில் வந்தால் கவலை வேண்டாம். 2 அல்லது அதற்கும் கீழே வந்தால் ஏதோ தடுக்கிறது.

தடுத்தால் மறுபடி வீழ்படிவாக்குங்கள்: 3 மோலார் சோடியம் அசிடேட் (பி.எச். 5.2) ஆர்.என்.ஏ. கரைசலின் அளவில் பத்தில் ஒரு பங்கு, முழு எத்தனால் 2.5 பங்கு, மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுக்க. பிறகு மையவிலக்கியில் 4 டிகிரியில் 12,000 ஜி, 30 நிமிடம். 75% எத்தனாலில் இரண்டு முறை கழுவுங்கள். முதல் தடவையே ஒரு முறை மட்டும் கழுவியிருந்தால் கோளாறு அங்கேதான். அடியில் படிந்த ஆர்.என்.ஏ. வில்லையை எலும்பாகக் காய விடாதீர்கள், பிறகு கரையாது.

செறிவே மிகக் குறைவு என்றால் இந்த விகிதத்துக்கு அர்த்தமில்லை. ஆர்.என்.ஏ. வரிசையாக்கத்துக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும், சோதனை தேறினாலும் சுத்தம் செய்தே அனுப்புங்கள்.