வேலைக்குத் திரும்பும் தாய்க்கு எந்தப் பம்ப்?

கேள்வி: எனது முதற் குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்துள்ளது. மட்டக்களப்பு நகரிலுள்ள தனியார் நிறுவனமொன்றில் கணக்கெழுதும் எனக்கு, இன்னும் இரண்டு வாரத்தில் மகப்பேற்று விடுமுறை முடிகிறது. காலை ஏழு மணிக்குப் பேருந்தேறினால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவேன். லண்டனில் இருக்கும் மச்சாள், தாய்ப்பால் எடுக்கத் தாம் பாவித்த மின்சாரப் பம்பை அனுப்புவதாகச் சொல்கிறார். கடையில் கிடைக்கும் இறப்பர்க் குமிழ் வைத்த பம்பே போதும் என்கிறார் மாமி. எதைத் தெரிவு செய்வது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மச்சாளும் மாமியும் கோபிக்கக்கூடாது, இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். குமிழை அமுக்கி இழுக்கும் பம்பில் பால் குமிழுக்குள்ளேயே போய்விடக்கூடும். அதன் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வழியில்லாததால் அங்கே கிருமி வளரும். ஒருவர் பாவித்த பம்பிலும், பால் மோட்டார்ப் பக்கம் போகாதபடி தடுப்பு இல்லையென்றால், குழாயையும் மார்பில் பொருத்தும் புனலையும் புதிதாக மாற்றினாலும் உள்ளே தங்கியதை நீக்க முடியாது. வீட்டுப் பாவனைக்கென விற்கப்படுபவை பெரும்பாலும் ஒருவருக்கு மட்டுமே உரியவை.

உங்கள் நாளைக் கணக்கிடுங்கள். பத்தரை மணி நேரம் குழந்தையைப் பிரிந்திருக்கிறீர்கள்; மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்றாலும் அதற்குள் மூன்று தடவை பால் எடுக்க வேண்டும். எடுக்காத பாலைச் சுரக்க வேண்டாம் என்று உடல் தானே குறைத்துவிடும் என்பதால், பம்பின் விலையைவிட இந்தத் தடவைகளைத் தவறவிடாமைதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் பம்புக்கு அரை மணி நேரம் வரை தேவைப்படும். இரு பக்கமும் ஒன்றாக இழுப்பது ஏறக்குறைய அதன் பாதியில் முடித்துத் தரும். ஆகவே வசதியிருந்தால், மின்கலத்திலும் இயங்கக்கூடிய, பால் மோட்டாருக்குள் புகாத அமைப்புடைய இரட்டைப் பம்பைப் புதிதாக வாங்குங்கள். அவ்வளவு செலவழிக்க இயலாவிட்டால், கைப்பிடியை அழுத்தி இயக்கும், எல்லாப் பாகங்களையும் கழற்றிக் கழுவத்தக்க கைப்பம்ப் போதும். பகல் முழுதும் வேலைக்குப் போகிறவருக்குக் கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

கடையில் யாரும் சொல்லாத விடயம் புனலின் அளவு. பெரும்பாலான பெட்டிகளில் 24 மில்லிமீற்றர்ப் புனலே இருக்கும். அது எல்லோருக்கும் பொருந்தாது. முலைக்காம்பு புனலின் குழலில் உரசாமல் அசைய வேண்டும், அதைச் சுற்றியுள்ள கருவட்டம் அதிகமாக உள்ளே இழுபடவும் கூடாது. வலித்தால் அளவு பிழை, அல்லது இழுவிசை அதிகம். இழுவிசையைக் கூட்டினால் பாலும் கூடும் என்று எண்ணிப் புண்ணாக்கிக்கொண்ட பெண்கள் பலர். வலியில்லாத அளவுக்கு மேல் போவதால் ஒரு துளியும் அதிகம் வராது.

கையால் பால் பீச்சவும் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி மருத்துவமாதிடம் கேட்டால் காட்டித் தருவார். மின்சாரம் நின்ற நாளில் இதுதான் கைகொடுக்கும்.

எங்கே எடுப்பது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். கழிவறைக்குள் நின்றுகொண்டு குழந்தையின் உணவைச் சேர்க்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு பாலூட்டல் இடைவேளைகளை நமது சட்டம் தருகிறது. பணியிடத்தில் குழந்தைப் பராமரிப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம், இல்லையென்றால் ஒரு மணி நேரம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் கடை, அலுவலகப் பணியாளர்களுக்கும் இது உரியது. மூன்றாம் தடவையை மதிய உணவு வேளையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்த பால் 25 பாகை செல்சியஸ் வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். நம் மட்டக்களப்பு வெயிலில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள்! உறைந்த பனிக்கட்டிப் பைகளுடன் குளிர்காக்கும் பையில் வைத்தால் 24 மணி நேரம் வரை இருக்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் நான்கு நாள் வைக்கலாம், கதவில் மட்டும் வைக்க வேண்டாம். உறையவைத்து இளக்கிய பாலை மீண்டும் உறையவைக்கக்கூடாது. பம்பின் பாகங்களை ஒவ்வொரு தடவையும் அதற்கென வைத்த தனிப் பாத்திரத்தில் சவர்க்காரமிட்டுக் கழுவிக் காற்றில் உலரவிட வேண்டும். கொதிக்கவைப்பதென்றால் ஐந்து நிமிடம் போதும்.

எஞ்சிய இரு வாரத்தில், காலைப் பாலூட்டல் முடிந்தபின் ஒருமுறை பம்பால் எடுத்துப் பழகுங்கள். முதல் நாட்களில் பாத்திரத்தின் அடி நனைவதோடு நின்றாலும் பதற்றப்படத் தேவையில்லை. அந்தப் பாலைப் போத்தலில் அல்லாது சிறு கோப்பையில் ஊட்ட, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மாமியைப் பழக்குங்கள்.