எடிசனிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: "நான் தோற்கவில்லை, பலிக்காத 10,000 வழிகளைக் கண்டுபிடித்தேன்" என்று பல்பு செய்யும்போது எடிசன் சொன்னாராமே, உண்மையா சார்?

பதில்: அந்தப் பேச்சுக்கு மூலம் பல்பு இல்லை, பேட்டரி. நிக்கல்-இரும்பு பேட்டரிக்காக ஆயிரக்கணக்கில் சோதனைகள் நடந்திருந்த நேரம். "இவ்வளவு உழைத்தும் பலன் இல்லையே" என்று நண்பர் வால்டர் மல்லரி வருத்தப்பட்டார். பலன் நிறையவே கிடைத்திருக்கிறது, எதெல்லாம் உதவாது என்று எனக்குத் தெரிந்துவிட்டதே என்கிற பொருளில் எடிசன் பதில் சொன்னார். 1910-ல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் மல்லரியே இதைச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த வசனத்தைவிடப் பேட்டரியின் கதைதான் பெரிது. 1903-ல் விற்பனைக்கு வந்த பேட்டரி கசிந்தது, திறனும் சீக்கிரமே குறைந்தது. எடிசன் விற்பனையை நிறுத்திவிட்டு மறுபடி சோதனைக்கூடத்துக்குப் போனார். மின்சாரத்தைக் கடத்த உள்ளே போட்டிருந்த கிராஃபைட் நிலைக்கவில்லை. அதற்குப் பதில் நிக்கல் செதில் போடலாம், ஆனால் அது மிக மிக மெல்லியதாக இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிசாகத் தகடு அடிக்க முடியாது. அதனால் ஓர் உருளையின் மேல் செம்பு, நிக்கல், செம்பு, நிக்கல் என்று மாற்றி மாற்றி நூற்றுக்கு மேல் அடுக்குகளை முலாம் பூசினார்கள். அதை உரித்து, சின்னச் சதுரங்களாக வெட்டி, செம்பை மட்டும் கரைத்துவிட்டார்கள். நிக்கல் செதில் தனியாக நின்றது! 1909-ல் வந்த புதுப் பேட்டரி சுரங்க விளக்குகளிலும் ரயில்வே சிக்னல்களிலும் நெடுங்காலம் உழைத்தது.

கேள்வி: பல்பை முதலில் செய்தது அவர் இல்லை என்கிறார்களே? அப்புறம் அதில் என்ன படைப்பாற்றல்?

பதில்: சரிதான், இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் உட்படப் பலர் முன்பே முயன்றிருந்தார்கள். எடிசன் பல்போடு நிற்காமல் ஊருக்கே மின்சாரம் தருவதை யோசித்தார். பல்பின் இழைக்கு மின்தடை குறைவாக இருந்தால் மின்னோட்டம் அதிகம் வேண்டும், தெருவெங்கும் தடித்த செம்புக் கம்பி இழுக்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாது. எனவே மின்தடை அதிகமுள்ள மெல்லிய இழையைத் தேடினார். 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூல் பலித்தது, பிறகு மூங்கில் இழை இன்னும் நன்றாக எரிந்தது. 1882-ல் நியூயார்க் பேர்ல் தெருவில் மின்நிலையமே திறந்துவிட்டார். செம்பின் விலையிலிருந்து இழைக்கு வந்தார் பாருங்கள், அதைத்தான் நான் படைப்பாற்றல் என்பேன்.

கேள்வி: விடாமுயற்சி எப்போது வீண் பிடிவாதம் ஆகிறது?

பதில்: அவரிடம் இரண்டும் இருந்தன. மாறுதிசை மின்னோட்டம் (ஏசி) தொலைதூரத்துக்கு ஏற்றது என்பது தெளிவான பிறகும் நேர்மின்னோட்டத்தையே (டிசி) கட்டிக்கொண்டு சண்டை போட்டார். அது பிடிவாதம்தான். ஆனால் நியூஜெர்சியின் ஆக்டனில் இரும்புத்தாதுவைக் காந்தத்தால் பிரிக்கும் தொழிலில் பெரும் பணத்தை இழந்தபோது, அமெரிக்காவின் மெசாபி பகுதியிலிருந்து வந்த மலிவான தாதுவோடு இனிப் போட்டி போட முடியாது என்று தெரிந்ததும் மூடிவிட்டார். பாறை நொறுக்குவதில் அங்கே கற்றதைச் சிமெண்ட் தொழிலுக்குக் கொண்டுபோனார். இழந்த பணத்துக்காக இழுத்துக்கொண்டே போகிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இதையெல்லாம் தனியாளாகவா செய்தார்?

பதில்: இல்லவே இல்லை. கணக்குக்கு ஃபிரான்சிஸ் அப்டன், சோதனைகளுக்கு சார்லஸ் பேட்ச்லர், ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைக்கும் ஃபோனோகிராஃபைச் செய்து கொடுத்தது ஜான் க்ரூசி. இந்தப் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.